கொக்கு மனிதனின் மூச்சு

என் அத்தானை ஸ்டூடியோவில் எல்லாரும் 'கொக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். உடனே நெட்டையாக, கழுத்து நீண்ட ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தான் குள்ளம். எங்கே போனாலும் அவருடைய வயிறு அவருக்கு முன்னால் போய் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிடும். பட்டப்பெயர் வந்தது உருவத்தால் அல்ல, குரலால். கொக்கு மனிதன் என்ற படக்கதை வீரனுக்கு எங்கள் மொழியில் இருபது வருடமாகக் குரல் கொடுத்து வந்தவர் அவர்தான்.

கொக்கு மனிதனைத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். எங்கோ வெளிநாட்டில் யாரோ வரைய ஆரம்பித்து, அவர் போய்ச் சேர்ந்து, அவருக்குப் பின் வந்தவர்களும் போய்ச் சேர்ந்து, இன்னும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிற படக்கதை அது. அதைக் கார்ட்டூன் தொடராகவும் எடுத்தார்கள்; அத்தான் பேசுவது அதில்தான். வீரனுக்குச் சாம்பல் நிற உடை. முகத்தை முழுக்க மூடிய முகமூடியில் முழ நீளத்துக்கு ஓர் அலகு. மொட்டை மாடி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று திருடனுக்காகக் காத்திருப்பான். திருடன் வந்ததும் பாய்ந்து நொறுக்குவான். இதுவரைக்கும் எல்லா வீரர்களும் செய்கிற வேலைதான். அடித்து முடித்த பிறகு, விழுந்து கிடப்பவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்பான் பாருங்கள், அது அவன் ஒருவனுக்கே உரியது. போலீஸ் வரும்வரை அந்தத் திருடனோடு நாட்டு நடப்பு பேசிக்கொண்டிருப்பான்.

நான் அதே ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவள். அத்தானை என் அக்காவுக்கு அறிமுகப்படுத்தியதே நான்தான். வாய் ஓயாத மனுஷனைத் தலையில் கட்டிவிட்டாய் என்று அக்கா இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

டப்பிங்கில் பெரிய தலைவலி உதடுதான். திரையில் அவர்கள் வாயைத் திறக்கும்போது நாமும் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். கொக்கு மனிதனிடம் அந்தத் தொல்லை இல்லை. அலகு அசையாது, அதற்குள் என்ன பேசினாலும் பொருந்தும். கார்ட்டூன் தொடரில் எழுதிக் கொடுத்த வசனம் தீர்ந்து காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அத்தான் சும்மா இருக்க மாட்டார். தன் முழங்கால் வலியைத் திருடனிடம் சொல்லி அழுவார். "நீ இங்க இருக்கறது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று விசாரிப்பார். நாளாக ஆக வசனம் எழுதுகிறவரும் அந்த இடங்களை வெறுமையாக விட்டுவிட்டு, 'கொக்கு பார்த்துக்கொள்ளும்' என்று எழுதி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

ஒருமுறை நானும் அத்தானும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம். முன்சீட்டில் யாரோ ஒரு பெண் போனில் அந்தத் தொடரைப் போட்டு, தன் பிள்ளைகளோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தலைக்குமேல் இருந்த கம்பி எட்டாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ அவரைப் பார்த்து, "பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்கள். தள்ளி நின்றார். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், தொடர் முடியும்வரை வந்து, பிறகு இருவரும் வெயிலில் நடந்தே திரும்பினோம். அன்றைக்கு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கொக்கு மனிதனைப் பெரிய திரைப்படமாக எடுத்துவிட்டார்கள். நடிகர்களோடு, கோடிகளைக் கொட்டி. எங்கள் மொழி டப்பிங்கை மேற்பார்வையிடப் படக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அதிகம் சிரிக்காதவர், ஆனால் கடுகடுப்பும் இல்லை. எல்லாரும் மேடம் என்றோம். முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டினார். படம் முழுக்க மழை. வீரன் கன்னங்கரேல் என்று உடை போட்டிருந்தான். இரண்டு காலில் நின்றான். பேச்சே கிடையாது; உறுமினான்.

"கொக்குக்கு ஜலதோஷமா?" என்று அத்தான் என் காதில் கேட்டார்.

மேடம் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். குரல் இன்னாருக்குத்தான் என்று முடிவாகவில்லை. இரண்டு பேரை ஒரே காட்சிக்குப் பேசவைத்துப் பார்த்துவிட்டு, பொருந்துகிறவருக்குக் கொடுப்பார்களாம். ஒருவர் அத்தான். இன்னொருவர் நாங்கள் 'சிமெண்ட்' என்று கூப்பிடுகிறவர். சிமெண்ட் விளம்பரம் எல்லாவற்றிலும் அவர் குரல்தான் வரும். பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆள் என்னவோ பச்சைப் பிள்ளை. அத்தானுக்கு நல்ல சிநேகிதர்.

வீட்டில் அக்கா ஒரே போடாகப் போட்டாள். "ஏங்க, அவங்க கேக்கற மாதிரி உறுமிட்டு வாங்களேன். எல்லாரும் முதலாளி சொல்ற மாதிரி உறுமித்தான் பொழப்பை ஓட்டறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"அது அவன் இல்லம்மா."

"அவனா இருந்தா என்ன, எவனா இருந்தா என்ன? குரல் உங்களுதா இருக்கணும்ல?"

அதில் நியாயம் இருந்தது. அந்தக் குரல் கைவிட்டுப் போனால் அத்தானுக்கு மிச்சம் என்ன? வேறு வேலை கிடைக்கும், சோற்றுக்குப் பஞ்சம் வராது. ஆனால் பஸ்ஸில் தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளி நிற்கிற ஒரு குள்ள மனிதர் என்பதைத் தவிர அவர் வேறு யாராகவும் இருக்க மாட்டார். இதை அவர் வாயால் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் அவ்வளவு கறாராகப் பேசினாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் உறுமல் பயிற்சி. குளியலறையில் உறுமினார். காபி கேட்டு உறுமினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "உங்க மோட்டார் ஏதோ இழுக்குது, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். காய்கறிக் கடையில் அரைக் கிலோ வெங்காயத்தை உறுமிக் கேட்டதில், கடைக்காரர் பயந்துபோய்க் கொத்தமல்லியைக் கேட்காமலே பையில் போட்டாராம். "உறுமினா லாபம்தான் போல" என்றாள் அக்கா. வார முடிவில் அத்தான் உண்மையிலேயே நன்றாக உறுமினார். தொண்டை மட்டும் புண்ணாகிப் போனது.

சோதனை நாளில் சிமெண்ட் முதலில் பேசினார். கட்டடமே அதிர்ந்தது. மேடம் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அடுத்து அத்தான். சண்டைக் காட்சியில் அவர் கண்ணாடி அறைக்குள் கைகாலை வீசி, வயிறு குலுங்க, நிஜமாகவே மூச்சிரைக்க உறுமினார். குறை சொல்ல இடமே இல்லை. நான்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் நம்பியிருப்பேன்.

சண்டை முடிந்தது. திரையில் திருடன் சேற்றுத் தண்ணீரில் குப்புற விழுந்து கிடக்கிறான். வீரன் நின்று அவனைக் குனிந்து பார்க்கிறான். அலகிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிறது. வசனத் தாளில் அந்த இடத்தில் 'மூச்சு மட்டும்' என்று இருந்தது. நீளமான மௌனம். அசையாத அலகு. இருபது வருடப் பழக்கம் எங்கே போகும்?

"அடி பலமாப் பட்டுடுச்சாப்பா?" என்றார் அத்தான், பழைய குரலில், தேனாக. "சாப்பிட்டியா?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிமெண்ட் குபீரென்று சிரித்துவிட்டார். அத்தான் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் பதிவாகியிருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மேடம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

"அந்த இடத்துல டைரக்டர் வேணும்னேதான் பேச்சு வைக்கல," என்றார் மேடம். "நாம வைக்கக் கூடாது இல்லையா?"

"தப்புதான் மேடம். வாய் தவறிடுச்சு. அழிச்சிடச் சொல்லுங்க." அதோடு நிறுத்தியிருந்தால் அவர் என் அத்தான் இல்லையே. "ஆனா இவனை நீங்க வேற ஆளா ஆக்கிட்டீங்க."

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நானும் இதைப் படிச்சு வளந்தவதான். ஆரம்பத்துல வந்த கதைகள்ல இவன் திருடனைத் தூக்கிக் கடல்லயே போட்டிருக்கான், தெரியுமா? சாப்பிட்டியான்னு கேக்கறது பின்னால எழுத வந்தவர் கொண்டுவந்தது. ஒவ்வொருத்தரா மாத்திக்கிட்டே வந்ததாலதான் இவன் இன்னும் உயிரோட இருக்கான். அப்படியே வச்சிருந்தா எப்பவோ பழைய பேப்பர் கடைக்குப் போயிருப்பான்."

கடல் விஷயம் அத்தானுக்குத் தெரியாது. முகம் கொஞ்சம் வாடிவிட்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"மாத்துங்க மேடம். கறுப்பு உடை போடுங்க, ரெண்டு கால்ல நிக்க வைங்க, சிரிக்கவே வேண்டாம். அடிச்சு முடிச்சதும் குனிஞ்சு பாக்கறான் பாருங்க, அந்த இடத்துல மட்டும், கீழ கிடக்கறவன் ஒரு மனுஷன்னு அவனுக்குத் தெரியணும். அது இல்லேன்னா இவன் அலகு வச்ச ரவுடி. ஊர்ல ரவுடிக்கா பஞ்சம்?"

மேடம் திரையைப் பார்த்தார். நின்றுபோன காட்சியில் வீரன் இன்னும் குனிந்தபடியே இருந்தான்.

"சரி," என்றார். "ஒரு வார்த்தை இல்லாம அதைச் செஞ்சு காட்டுங்க. ஒரே ஒரு டேக்."

அத்தான் மைக்கைக் கீழே இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். அவர் வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்தார். நான் என் இடத்துக்கு ஓடினேன்.

காட்சி ஓடியது. இரைக்கிற மூச்சு ஒன்று, முரட்டுத்தனமாக. அடுத்ததும் அப்படித்தான். பிறகு வந்தது பாதியில் நின்றது. நின்று, மூக்கு வழியாக மெல்ல, மிக மெல்ல இறங்கியது. காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கும்போது நாம் விடுவோமே, அந்த மூச்சு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வேலை நேரத்தில் நான் அழுகிற ரகம் இல்லை.

மேடம் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். "கோபமே இல்லையே?" என்றார் கடைசியில்.

"தாள்ல கோபம்னு போடலையே மேடம். மூச்சுன்னுதான் போட்டிருக்கு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. எழுந்திருக்க முடியாமல் அத்தான் இன்னும் தரையிலேயே இருந்தார். சிமெண்ட் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. கொக்கு மனிதன் அத்தானுக்கு, வில்லன் சிமெண்டுக்கு. அக்கா விரலில் மாவோடு ஓடிவந்தாள்.

"வசனம் நிறைய இருக்கா?"

"எங்க? முக்கால்வாசி நேரம் வாயை மூடிட்டு மூச்சு மட்டும் விடணுமாம்."

"அடக் கடவுளே. கல்யாணம் ஆனதுலேருந்து நான் கேக்கறதும் அதைத்தானே?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அத்தானுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

படம் வந்ததும் மூன்று பேருமாகப் போனோம். அத்தானை யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் அது பொருட்டாக இல்லை. அக்கா படக்கதைப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. கொக்கு மனிதன் யார், என்ன குணம் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாத சமாச்சாரம். சண்டை வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மழைக் காட்சி வந்தது. திருடன் விழுந்தான். வீரன் குனிந்தான். அரங்கம் முழுக்க அத்தானின் மூச்சு நிறைந்து, மெல்ல அடங்கியது. உடனே படம் வேறு ஊருக்கு, வேறு காட்சிக்குப் போய்விட்டது.

அக்கா இருட்டில் அத்தான் பக்கம் சாய்ந்தாள். "ஏங்க, சேத்துல கிடந்தானே, அவனை இவன் தூக்கிவிட்டானா இல்லையா? காட்டவே இல்லையே?"

அத்தான் அவள் பக்கம் குனிந்தார்.

"தூக்கிவிட்டிருப்பான்," என்று அக்காவே சொல்லிக்கொண்டாள். "இல்லேன்னா அப்படியா மூச்சு விடுவான்?"