செஞ்சிக் கோட்டையும் ஒரு கெடாவும்

திருவண்ணாமலை சாலையோரம் நின்று, செஞ்சியின் மூன்று மலைகளையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்கிறேன். பனோரமா எடுக்க இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். காலையிலிருந்து எடுத்ததில் எல்லாம் கோட்டை கோணிக்கொண்டது. இம்முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு கைபேசியை மெல்லத் திருப்புகிறேன். நான் திருப்பும் பக்கமே ஓர் ஆடும் கூடவே நடக்கிறது.

படத்தில் கோட்டை கச்சிதம். ஆடு மட்டும் ரயில் பெட்டி நீளத்துக்கு இழுபட்டிருக்கிறது.

ஆடு மேய்க்கும் அம்மா எட்டிப் பார்க்கிறார்.

“இன்னா சார், என் கெடாவ இப்டி பண்ணிட்ட?”

“தெரியாம ஆயிடுச்சும்மா. எடிட் பண்ணி ஆட்டை எடுத்துடறேன்.”

“எடுத்துடாத. வெள்ளிக்கெழம சந்தைக்குப் போவுது. வியாபாரி போட்டோ கேட்டிருக்கான்.”

படத்தை இன்னொரு முறை உற்றுப் பார்க்கிறார்.

“அந்தக் கோட்டைய வெட்டிட்டு அனுப்பு.”