ஒன்பதாம் வளையம்

கிணற்றடியில் அப்பா நின்றார். அம்மா நின்றார், இடுப்பில் தம்பி. மலைநாட்டிலிருந்து வந்திருந்த பெரியம்மா. விவசாயிகளுக்கான கமநல அலுவலகத்து அக்கா, கையில் ஒரு படத்தோடு. பிறகு நான். எனக்கு எட்டு வயது.

சித்திரை மழை வரவில்லை. இரணைமடுக் குளத்து வாய்க்கால் எங்கள் மேட்டுக்காணிக்கு ஏறாது. கிணறு ஒன்றுதான், பன்னிரண்டு கொங்கிறீட் வளையம் இறக்கியது. தண்ணீர் மேலிருந்து ஆறாம் வளையத்தில் நின்றது.

அந்த அக்கா படத்தில் ஒரு பெரிய கடலைக் காட்டினார். பசிபிக் என்றார். சில வருடத்துக்கு ஒருக்கால் அது சூடேறுமாம். ஏறினால் இங்கே கோடைமழை குறையுமாம்.

"ஆனா அப்பிடியான வருசத்தில மாரிமழை பலமாப் பெய்யிறதுதான் கூட, ஐயா. ஐப்பசி மட்டும் சமாளியுங்கோ."

"அவ்வளவு தூரத்துக் கடலுக்கு எங்கட மிளகாய்க்கண்டில என்ன கோவம், பிள்ளை?" என்றார் அப்பா.

பெரியம்மா சிரிக்கவில்லை. "தண்ணி இல்லாத ஊருல என்னாத்துக்குக் கெடக்குற? புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்கூட வந்துரு."

அம்மா கிணற்றைப் பார்த்தார். "பத்தாம் வளையத்துக்குக் கீழ போனா வாறன், அக்கா."

அப்பா காணியை விட்டு அசையமாட்டார். அது எல்லாருக்கும் தெரியும்.

அம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது மங்கல். அதனால் தண்ணீர் அள்ளுவது அவா, காலையில் வளையம் எண்ணிச் சொல்வது நான். கச்சான் காற்று புழுதியோடு அடித்தது. மிளகாய் கருகியது. குடிக்க மட்டும் அள்ளினோம். ஆடியில் தண்ணீர் பத்தாம் வளையத்தையும் தாண்டி இறங்கியது. நான் ஒன்பது என்றேன். மறுநாளும் ஒன்பது. ஆவணி முழுக்க ஒன்பது.

அம்மா "ம்" என்பார். பெரியம்மா போன் எடுத்தால், "ஒன்பதில நிக்குதாம், அக்கா" என்பார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. கிணறு மூன்றாம் வளையம் வரை ஏறியது.

"கடலுக்குக் கோவம் தீர்ந்திட்டுது" என்றார் அப்பா.

என் பொய்தான் எங்களை ஒன்றாக வைத்திருந்தது என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது.

அம்மா வாளிக்கயிற்றில் மிச்சமானதை வெட்டினார். துள்ளி விளையாட அதை வாங்கிக்கொண்டேன். முடிச்சுகள் காலில் இடறின.

"ஏனம்மா இவ்வளவு முடிச்சு?"

அவா அரிசி களைந்துகொண்டிருந்தார். "சித்திரையில ஆறில நிண்டதில இருந்து, தண்ணி ஒவ்வொரு வளையமா இறங்க, கயிறு எட்டாமல் ஒவ்வொரு துண்டு முடிஞ்சனான்."

எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. விளையாட்டில் இருந்தேன். முடிச்சுகளைத் தம்பிக்கு எண்ணிக் காட்டினேன்.

ஐந்து.