பூட்டிய கேட்டுக்கு வெளியே

1. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன்.
2. வேலைக்குப் போகாமல், பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்தேன்.
3. கதவடைப்பு பற்றிய ஆய்வுக்காக இன்று மறுபடியும் பிம்ப்ரியில் பூட்டிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன்.
4. கேட்டுக்கு வெளியே ஒரு தொழிலாளி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். வெந்தயக்கீரை வாசனை வந்தது.

எங்கள் கசார்வாடி வீட்டில் விடியும்போதே அந்த வாசனை எழும்பும். எனக்கு ஒன்பது வயதானபோது அப்பாவின் தொழிற்சாலையையும் இப்படித்தான் பூட்டினார்கள். அதன் பிறகும் அவர் தினமும் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"பூட்டின கேட்டுக்கு டப்பா எதுக்குங்க? வீட்டுக்கு வந்து சாப்பிட்டா ஆகாதா?" என்பாள் அம்மா.

"நான் இங்க வந்த நேரம் பாத்து தெறந்துட்டா? பேசாம கட்டு."

"ஆமா, மொதலாளி உங்களத்தான் தேடப்போறாரு!"

அப்பா சிரிப்பார். மழைக்காலம் முடிந்தபோது சிரிப்பதை நிறுத்தினார். டப்பாவைத் தொடாமலே திருப்பிக் கொண்டுவந்தார். கேட் திறக்கவே இல்லை. யாரிடம் முறையிடுவது என்று எங்கள் தெருவில் எவருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.

"எப்போது திறப்பார்கள், மகளே?" என்று அந்தத் தொழிலாளி இந்தியில் கேட்டார்.

இப்போது எனக்குச் சட்டம் தெரியும். இந்தத் தொழிலாளர்களுக்காக நான் போன மாதம் எழுதிய மனு தொழிலாளர் அலுவலகத்தில் இருக்கிறது. பதில் வரவில்லை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.