பனி தாங்கும் செடி

எங்கள் அலுவலகத்தின் வடக்கு ஜன்னலில், தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் அந்த ஜெரேனியம் இருந்தது. டைப்பிஸ்ட் அம்மா கொண்டுவந்து வைத்தது. கொடைக்கானலில் படுத்த படுக்கையாக இருந்த அவருடைய அம்மா வளர்த்த செடியின் கிளை. உறைபனியையே தாங்கும் வகை என்பார். குளிர்நாட்டில் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு மதுரைச் சித்திரை வெயிலில் பணியில் சேர்ந்த செடி என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

எங்கள் பியூன் தினமும் சாப்பிட்டு முடித்ததும் தூக்குவாளி கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றுவார். வேர் அழுகி இலை மஞ்சளானது. “எம்புட்டு ஊத்துனாலும் மூஞ்சியத் தூக்கியே வச்சிருக்குது. கருவேப்பிலைக்கு இம்புட்டு சீர் செஞ்சிருந்தா இந்நேரம் ஆபீசுக்கே தாளிச்சிருக்கலாம்” என்று குறைப்பட்டார்.

“பாசத்தக் கொஞ்சம் கொறைங்கண்ணே, அது பொழச்சுக்கும்” என்றார் டைப்பிஸ்ட் அம்மா. மறுநாள் சிம்மக்கல்லில் இரண்டு மண்தொட்டிகள் வாங்கிவந்தார். சிறியதில் செம்மண்ணும் மணலும் இலைமக்கும் கலந்து செடியை நட்டு, அதைப் பெரியதற்குள் இறக்கி, இடைவெளியில் ஈரமணலை நிரப்பினார். வெளித்தொட்டி வெயிலில் காயக் காய உள்தொட்டி குளிர்ந்தது. ஐப்பசி மழையில் செடி இளஞ்சிவப்பாகப் பூத்தது.

அந்த ஆண்டு அவர் சொந்த ஊருக்கு இடமாறுதல் கேட்டு மனு கொடுத்தார். விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது, ஞாயிறுதோறும் மலையேறி, அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு, திங்கள் காலை வேலைக்கு வந்துவிடுவார். அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கோரிக்கை இல்லை. நான் பிரிவின் கண்காணிப்பாளர். என் கையெழுத்தில்லாமல் எந்த மனுவும் மேலே போகாது. முதல் மனுவை, மருத்துவச் சான்று நகலாக இருக்கிறது என்று திருப்பினேன். இரண்டாவதை, உரிய படிவத்தில் இல்லை என்று திருப்பினேன். இரண்டும் விதிப்படி சரி; இன்றைக்கும் எந்தத் தணிக்கையிலும் நிற்கும்.

மூன்றாவது மனுவில் குறை இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை. அப்போது ஆண்டறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. அவரைப் போலப் பிழையில்லாமல் அடிக்க வேறு ஆள் இல்லை. மனுவை மேசை இழுப்பறையில் வைத்தேன். அறிக்கை முடிந்த பிறகுதான் கையெழுத்திட்டு அனுப்பினேன். பதினோரு நாள்.

அதன்பின் ஒரு புதன்கிழமை, ஏதோ ஒரு சுற்றறிக்கையின் நடுவில் அவருக்குத் தொலைபேசி வந்தது. காகிதத்தை இயந்திரத்திலேயே விட்டுவிட்டுப் போனார். காரியம் முடிந்து திரும்பியபோது இடமாறுதல் ஆணை காத்திருந்தது. பெற்றுக்கொண்டவர், போகும் முன் தொட்டியைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தார். “நீங்க பாத்து அனுப்புனதுக்கு, சார். மத்தியான வெயில் மட்டும் ஆகாது” என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. வில்லாபுரத்தில் என் வீட்டின் வடக்குச் சுவரோரம் அந்தச் செடியின் வழிவந்தவை ஆறு தொட்டிகளில் நிற்கின்றன. மார்கழியில் கிளை வெட்டிப் பதியன் போடுகிறேன். சித்திரையில் பாதி கருகும். மீதியில் ஏதாவது ஒன்று கணுவில் பச்சை காட்டி என்னைப் பார்க்கும். ஒரு மே மாதம் வேண்டுமென்றே இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலை, எனக்குப் பின்னால் யாரோ தட்டச்சு இயந்திர உருளையிலிருந்து காகிதத்தை உருவுவது போல் ஒரு சத்தம். தென்னை ஓலையாக இருக்கும். எழுந்து போய் ஊற்றினேன்.

போன மாதம் டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்கு வந்தார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். மலையில் வீட்டை விற்றதில் அம்மாவின் செடிகள் எல்லாம் போய்விட்டனவாம். “ஒரு குச்சி மட்டும் வேணும், சார். உங்ககிட்ட குடுத்தது நல்லதாப் போச்சு” என்றார். கணுவுக்குக் கீழே சாய்த்து, ஒன்றுக்கு இரண்டாக வெட்டினேன். அவர் கைப்பிடிச் சுவரில் செய்தித்தாளை விரித்து நனைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க மூணாவது மனு என் இழுப்பறையில கிடந்துச்சு. ஆண்டறிக்கைக்காக” என்றேன்.

தாளை நனைத்த அவர் கை நிற்கவில்லை. “எத்தன நாள், சார்?”

“பதினொன்னு.”

“ஆர்டர் வந்தப்ப அம்மா போயி மூணு நாள்” என்றார். எப்போதோ அடித்த கடிதத்தின் தேதியை நினைவிலிருந்து சொல்வதுபோல இருந்தது.

ஒரு குச்சியை ஈரத்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார். வாரேன் என்று சொல்லவில்லை. இரண்டாவது குச்சி சுவர்மேல் கிடந்தது. அதற்கு உடனே மண் கலக்க வேண்டும், எனக்குத் தெரியாததல்ல. பொழுது சாயும்வரை அதைத் தொட முடியாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.