பங்காளிகள் எத்தனை பேர்

தொழில் தொடங்கப் போகிறேன் என்று யாராவது வந்து உட்கார்ந்தால் எனக்கு ஒரே குஷி. பேச ஆள் கிடைத்தால் விடுவேனா? முதல் கேள்வியாக, "உங்காத்துல பங்காளிகள் எத்தனை பேர்?" என்று கேட்பேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. இடம் எங்கே, முதல் எங்கே, லைசென்ஸ் யாரிடம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். ஊரில் யார் யார் சாகக் கிடக்கிறார்கள் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. நாங்களும் விசாரிக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே திருத்தப் பார்க்கிறாள், நான் விடுவதில்லை.

என் வீட்டுக்காரர் கல்கத்தாவில், டல்ஹௌசி பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. தானாக விலகிக்கொள்கிறவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்து, லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் கீழ்த்தளத்தில் இரண்டு அறை பிடித்து, மெஸ் ஆரம்பித்துவிட்டார். நம் ஊரிலிருந்து ஆபீஸ் வேலைக்கு வந்த பிள்ளைகள் அப்போது அந்தப் பக்கம் நிறைய. காலையில் வந்து சாப்பிடுவார்கள், மத்தியானத்துக்கு கேரியரில் எடுத்துப் போவார்கள்.

வாசலில் பெரிதாக ஒரு போர்டு எழுதி மாட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "மடியான சமையல்னு போட்டிருக்கேன். நம்ம பசங்க எதுக்குடி இங்க வரா? ருசிக்கா? ருசிக்கு ஆயிரம் ஹோட்டல் இருக்கு. ஆசாரத்துக்கு வரா" என்றார்.

அந்த ஆசாரம் என் உடம்பில்தான் நடந்தது. கல்கத்தா மழைக்காலத்தில் புடவை காயவே காயாது. மடிப்புடவையை ஈரத்தோடு சுற்றிக்கொண்டு விடிவதற்கு முன்னால் அடுப்படியில் நிற்பேன். கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா வங்காளி. நான் அவளை பௌதி, அதாவது அண்ணி என்பேன், அவள் என்னை மாஷிமா, சித்தி என்பாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏன் மாஷிமா, வெங்காயம் இல்லாம, மீன் இல்லாம, இந்தப் பசங்க எந்தப் பாவத்துக்கு இப்படிச் சாப்பிடறாங்க?" என்று வங்காளியில் கேட்பாள். நல்லவள். கத்தரிக்காயை மஞ்சள் தடவி எண்ணெயில் வறுக்க அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் மோர்க்குழம்புக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. சரி, கதைக்கு வருகிறேன்.

மெஸ் நன்றாகத்தான் நடந்தது. முதல் குளிர்காலத்தில் ஊரிலிருந்து தந்தி வந்தது. அவருடைய பெரியப்பா ஒருவர் போய்விட்டார். பங்காளி செத்தால் பத்து நாள் தீட்டு. அந்த வீட்டில் வெளியார் கை நனைக்க மாட்டார்கள், நாமும் சமைத்துப் போடக் கூடாது. பத்து நாள் கதவை மூடினோம். பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், திறந்ததும் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து கொஞ்ச நாளில் ஒரு சித்தப்பாவும் போனார். மறுபடி பத்து நாள். இந்தத் தடவை பாதிப் பேர்தான் வந்தார்கள். இவருடைய தாத்தா கூடப் பிறந்தவர்கள் ஒரு பட்டாளம். அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் எண்பதைத் தொட்டுக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் கிராமம் கிராமமாக உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி படுத்துக்கொண்டு, அந்தக் கிழவருக்கு ஆஸ்துமா, இந்தக் கிழவர் கீழே விழுந்தாராம் என்று இவர் முனகுவார். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் முகம் வெளுத்துவிடும்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. செய்தி காதில் விழுந்தால்தானே தீட்டு? பத்து நாள் கழித்துத் தெரிந்தால் மூன்று நாளோடு போய்விடும். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது தன் அண்ணாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணா, இனிமே யாராவது போனா தந்தி அடிக்க வேண்டாம். போனும் வேண்டாம். கல்கத்தா பக்கம் யாராவது வரப்போ மெதுவா சொல்லி அனுப்பினாப் போறும்."

அவர் அண்ணா வெற்றிலையை மென்றுகொண்டே இவரைப் பார்த்தார். "மெஸ்ஸுக்காகவாடா?"

"ஆமாண்ணா. மூடி மூடித் திறந்தா ஒருத்தனும் நிக்க மாட்டான்."

"சரி. நான் போனாலும் அப்படித்தானா?"

"ஐயோ, நீ நூறு வயசு இருப்பே" என்றார் இவர்.

"ஒண்ணும் வேண்டாம். நீ கடையை நடத்து. மத்தவாளுக்கு நான் சொல்லிக்கறேன்."

அதற்குப் பிறகு தந்தியே வரவில்லை. யார் போனார்கள், யார் இருந்தார்கள், எங்களுக்குத் தெரியாது. மெஸ் மறுபடி நிமிர்ந்தது. பந்த் அன்றைக்குக்கூட நாங்கள் அடுப்பை அணைக்கவில்லை. இவர் போர்டைத் துடைத்துத் துடைத்து வைப்பார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

ஒரு நாள் காலை பந்தி நடந்துகொண்டிருந்தது. ஹவுராவில் வேலைக்குச் சேர வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் கையில் பையோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. இவர் சாம்பார் வாளியோடு போய், "வா வா, கையை அலம்பிண்டு உக்காரு" என்றார்.

"இல்ல மாமா, நான் சாப்பிடல. உங்க அண்ணா போயிட்டார். நாங்க எல்லாம் முடிச்சாச்சு. காரியம் ஆகி நாலு நாள் ஆறது."

"என்னடா சொல்றே? எனக்கு ஏண்டா சொல்லல?"

"நீங்கதானே தந்தி வேண்டாம்னேள். கடைசி வரைக்கும் நினைவு இருந்தது அவருக்கு. அவனுக்குச் சொல்லாதீங்கோ, கடை மூடிப் போயிடும்னு அவரே சொன்னார்."

பந்தியில் இருந்த பிள்ளைகள் யாருக்கும் இது காதில் விழவில்லை. ஒருவன், "மாமா, இங்க சாம்பார்" என்று கூப்பிட்டான். இவர் திரும்பிப் போய் ஊற்றினார். அடுத்த இலைக்கும் ஊற்றினார். கடைசி இலை வரை ஊற்றிவிட்டு, வாளியை வைத்துவிட்டு, பின்பக்கம் போய்க் குழாயடியில் சட்டையோடு உட்கார்ந்தார். நான் தலையில் தண்ணீர் ஊற்றினேன். அழவில்லை.

மூன்று நாள்தான் தீட்டு. மூன்று நாள் கழித்து அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன். "வேண்டாம்" என்றார். அண்ணாவுக்குப் போகாதவன் யாருக்குச் சமைத்துப் போட என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். பாத்திரம், கிரைண்டர் எல்லாம் கிடைத்த விலைக்குப் போயிற்று. வந்த பணத்தில் பாதி அதுவரை வாங்கிய கடனுக்கு. அதே லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனார். வீட்டை டாலிகஞ்ச் பக்கம் மாற்றிக்கொண்டோம்.

அதற்கப்புறம் பல வருஷம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். இவரை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு லேக் மார்க்கெட் டிராம் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். தொப்பையும் பெண்டாட்டியுமாக ஒருவன் வந்து காலில் விழுந்தான். எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட பையன். இப்போது பெரிய ஆபீசர்.

"ஏன் மாமி திடீர்னு மூடிட்டேள்? எங்க கூட்டமே தவிச்சுப் போச்சு."

எனக்கு வாய் நிற்குமா? தீட்டு, தந்தி, அண்ணா என்று முழுக்கதையும் சொல்லிவிட்டேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள்.

"மாமி, நாங்க ரூம்ல ஆம்லெட் போட்டுண்டிருந்தோம். உங்க மெஸ் ஸ்டாப்புக்குப் பக்கம், சோறு சூடா இருக்கும், அதுக்குத்தான் வந்தோம். தீட்டுன்னு நீங்க சொல்லியிருந்தாலும் உக்காந்து சாப்பிட்டிருப்போம். வேணும்னா மாமாவை ரயில் ஏத்திட்டு நாங்களே பரிமாறியிருப்போம்."

நல்ல மனசோடுதான் சொன்னான். டிராம் வந்தது, ஏறி உட்கார்ந்தோம். காளிகாட் தாண்டும்வரை இவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"அவாள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோடி?"

"யாரு கேக்கறது? நீங்க போர்டு எழுதிட்டேள். எனக்கு அதைப் படிக்கக்கூடத் தெரியாது."

கண்டக்டர் வந்து நின்றார். இவர் சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே இருந்தார், கை வெளியே வரவில்லை. அண்ணா போனபோது அழாதவருக்கு இப்போது தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை கொடுத்தேன்.