எட்டு மாமாவின் இடது கை

ஸ்டுடியோவில் அவருக்குப் பெயரே எட்டு மாமா. பழைய லென்ஸின் அடிக்கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் ஒளி நுழையும் துவாரம் சுருங்கும், விரியும். கூட்டத்தைப் படமெடுக்க அதை எட்டாம் எண்ணில் வைக்கவேண்டும் என்பது அவர் வேதவாக்கு. கண் பார்க்குமுன்பே இடது கை 'டிக் டிக்' என்று திருப்பி முடித்திருக்கும்.

ஸ்டுடியோ முதலாளி அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவன் புதுக் கேமரா வாங்கி வந்தான். மாமாவின் பழைய லென்ஸ் அதன் வாயில் உட்காரவே மறுத்தது. பூட்டு ஒரு ஊர், சாவி ஒரு ஊர். கூடவே வந்த லென்ஸிலோ அந்த வளையமே இல்லை. துவாரத்தைக் கேமராவின் முதுகிலுள்ள சக்கரத்தை உருட்டி மாற்றவேண்டுமாம். மாமா அதையும் கற்றுக்கொண்டார். அவர் இடது கைதான் கற்றுக்கொள்ளவில்லை.

அதற்குப்பின் எடுத்த படங்களில் ஒருவருக்கும் முகம் இல்லை. மணப்பெண் வெள்ளைப் புகையாக நின்றாள். மச்சினன் அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துப்போனான். பலகையின் அடியில் பொடியாக இருந்த அச்சகத்தின் பெயர்வரை மாமா வாசித்தார். கேமராவிலும் கோளாறில்லை என்றார் கடைக்காரர்.

"நாளைக்குப் பல் டாக்டருங்க சங்கத்து குரூப் போட்டோ, மாமா. இதுவும் கலங்குச்சுன்னா நீங்க கல்லாவுல உக்காந்துக்கங்க. கேமராவை வேற ஆளுகிட்ட குடுத்துடறேன்."

கல்லாவில் உட்காருவது, உயிரோடு இருக்கும்போதே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது போல இருந்தது மாமாவுக்கு. அன்று மாலை நாற்பது டாக்டர்களுக்குப் பதிலாக மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். அவள் கேமராவைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த இடது கை என்ன பண்ணுது?"

"அது பாட்டுக்குச் சும்மா இருக்கு."

"சும்மாவா? நான் இளிக்கிறப்பல்லாம் எதையோ திருகுதே."

குட்டு உடைந்தது. இல்லாத வளையத்தைத் தேடிப்போன கை, அந்த இடத்திலிருந்த, படத்தின் தெளிவைச் சரிசெய்யும் வேறொரு வளையத்தைத் திருகி, கேமரா பிடித்துவைத்த தெளிவை ஒவ்வொரு தடவையும் கலைத்திருக்கிறது. மாமா கையைப் பைக்குள் விட்டுப் பார்த்தார். தாங்க ஆளில்லாமல் கேமரா ஆடியது. கையைத் திட்டியும் பார்த்தார்.

"அதை ஏன் திட்டறீங்க? பாவம், அதுக்குன்னு ஒரு வேலையைக் குடுங்க" என்றாள் மனைவி. தேன் ஜாடியின் மூடியில் நடுப்பகுதியை வெட்டியெடுத்து, மிச்ச வளையத்தை லென்ஸின் கழுத்தில், அந்த வளையத்துக்கு மேலே மாட்டிவிட்டாள். அது எதோடும் ஒட்டாமல், 'கரக் கரக்' என்று சுற்றியது. கைக்குப் பரம திருப்தி.

மறுநாள் படம் பளிச்சென்று வந்தது. நாற்பது டாக்டர்களின் பற்களையும் எண்ணலாம். சங்கத் தலைவருக்கு முன்பல் ஒன்று இல்லாததும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

மச்சினன் போனைப் பொத்திக்கொண்டு வந்து நின்றான். குரலில் என்றுமில்லாத மரியாதை.

"மாமா, தலைவரை மட்டும் கொஞ்சம் கலங்கலா எடுத்துத் தர முடியுமான்னு கேக்கறாங்க."

மாமா தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"என்னால ஆகாதுப்பா. அதைக் கையைத்தான் கேக்கணும்."