கதிரையில் இருந்து படிப்பித்த அப்பா

அப்பாவின் பாதங்களுக்கு நடுப்பகுதி கிடையாது என்றுதான் சின்ன வயதில் நம்பியிருந்தேன். குளித்துவிட்டு வந்தால் தரையில் குதியும் முன்பாதமும் மட்டுமே பதியும். இடையில் ஈரமே இராது. என் பாதமோ தட்டையாக, முழுதாகப் பதியும்.

அப்பா வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பித்தார். காலி வீதிக்குப் பின்னால் ஒரு மாடி மண்டபம், சீமெந்துத் தரை. நின்று, நடந்து, கையை வீசினால்தான் அவருக்குப் பாடம் வரும். கடைசி வாங்கில் தூங்குகிறவனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சமன்பாடு சொல்லுவாராம். அதற்காகவே நுகேகொடையிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள்.

பிறகு குதிக்கால் நோவு தொடங்கியது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அம்மா சுடுதண்ணீரில் உப்புப் போட்டுப் பார்த்தார். எண்ணெய் தடவிப் பார்த்தார். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் மூன்று பேருமாக டொக்டரிடம் போனோம்.

டொக்டர் அப்பாவின் காலை நனைத்துக் கடதாசியில் வைக்கச் சொன்னார். நான் கேளாமலே என் காலையும் வைத்தேன். எது வருத்தக் கால், எது நல்ல கால் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ரெண்டும் வருத்தமில்லை, பிள்ளை. அப்பான்ரை மாதிரி வளைஞ்ச கால் உள்ள கனபேருக்கு நோவே இல்லை. ஆனா பாரம் முழுக்கக் குதியிலையும் முன்னுக்கும்தான் விழும். கனநேரம் நிண்டா தாங்காது." பிறகு அப்பாவைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் நிக்கிறனீங்கள்?"

"ரெண்டு மூண்டு மணித்தியாலம்," என்றார் அப்பா.

"இல்லை டொக்டர், காலமை போனா இரவுதான் வருவார்," என்றேன் நான்.

அப்பா கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி நிற்காமல் கதிரையில் இருந்துதான் படிப்பிக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அம்மா சில்லுப் பூட்டிய கதிரை ஒன்று வாங்கிக் கொடுத்தார். அப்பா அதில் இருந்தபடி, கைக்கு எட்டிய உயரத்தில் பலகையில் எழுதினார். கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கு எழுத்துத் தெரியவில்லை. குரலும் முன்போல எழும்பவில்லை. அடுத்த ஒழுங்கையில் ஒரு இளம் மாஸ்டர் கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு வகுப்புத் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் கூட்டாளிமாரோடு சேர்ந்து மெல்ல அங்கே மாறினார்கள். முதலில் காலை வகுப்பு நின்றது. பிறகு சனிக்கிழமை வகுப்பு.

எனக்கு அது பொற்காலம். முதலில் வெயில் இறங்குமுன்பே அப்பா வீட்டுக்கு வந்தார், பிறகு வகுப்பே இல்லாமல் வீட்டிலேயே இருந்தார். தண்டவாளம் கடந்து கடற்கரைக்குக் கூட்டிப்போவார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் கனதூரம் நடப்பார். நொண்டவே மாட்டார்.

அப்பாவின் தங்கை, என் மாமி, கனடாவிலிருந்து கோல் எடுத்தபோது நான்தான் போனைப் பறித்தேன்.

"மாமி, அப்பாவுக்குக் கால் சுகம்! இப்ப நோவே இல்லை!"

"அப்ப பழையபடி வகுப்பெடுக்கிறாரோ?" என்று மாமி கேட்டார்.

"இல்லை மாமி, இப்ப எந்த நாளும் வீட்டிலைதான்!"

அப்பா எழுந்து அறைக்குள் போனார். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டார். இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லவிடாமல் தடுத்த அம்மாவோடு அன்று முழுவதும் நான் கோபம்.